ஓப்பன்ஸ்டாக் பேட்சுக்கு எந்த டெஸ்ட் எழுதுவது? முதல்முறை எழுதுகிறவர்களுக்கு

காட்பாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து, கிளவுட் அமைக்க உதவும் திறந்த மூல மென்பொருளான ஓப்பன்ஸ்டாக்கின் கோடு படிக்கிறோம், அதற்கு பேட்ச் (கோடில் செய்கிற திருத்தம்) அனுப்புகிறோம். புதிதாக வருகிற கல்லூரிப் பிள்ளைகள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "பக்கை சரி பண்ணிட்டேன்ணா, இதுக்கு எந்த டெஸ்ட் எழுதணும்?" கேட்ட கையோடு முழு கிளவுடையும் லேப்டாப்பில் ஏற்றப் பார்க்கிறார்கள். அங்கே தொடங்க வேண்டாம்.

என் அப்பா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருந்தவர். தோலில் தழும்பு இருந்தால் வெட்டுகிற மேஜையிலேயே ஒதுக்கிவிட வேண்டும், அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைத்து சோல் ஒட்டின பிறகு அதே தழும்பைப் பார்த்தால் தோலும் போச்சு, அத்தனை பேர் உழைப்பும் போச்சு என்பார். டெஸ்ட் விஷயமும் எனக்கு அப்படித்தான் புரிந்தது. பிழை முதலில் எங்கே கண்ணில் படுமோ அங்கேயே பிடிக்க வேண்டும்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஓப்பன்ஸ்டாக்கில் சேமிப்பிடம் தருகிற பகுதியான சிண்டரில், ஓர் இமேஜிலிருந்து (டிஸ்கின் நகலாக இருக்கிற கோப்பு) வால்யூம் (விர்ச்சுவல் டிஸ்க்) உருவாக்குகிறோம். இமேஜ் 10.5 ஜிபி. வால்யூம் அளவு முழு எண்ணாகத்தான் இருக்கும் என்பதால் 11 ஜிபி வேண்டும், ஆனால் கணக்குப் போடுகிற ஃபங்ஷன் 10 என்று வெட்டிவிடுகிறது.

முதல் படி: யூனிட் டெஸ்ட். இந்தப் பிழை ஒரே ஃபங்ஷனுக்குள் இருக்கிறது, நெட்வொர்க்கும் வேண்டாம், சர்வரும் வேண்டாம். ஒரு பைட், சரியாக 1 ஜிபி, 1 ஜிபிக்கு மேல் ஒரு பைட் என்று விளிம்பில் இருக்கிற எண்களைக் கொடுத்துப் பாருங்கள். உங்கள் திருத்தத்தை எடுத்துவிட்டு ஒருமுறை ஓட்டுங்கள், டெஸ்ட் தோற்க வேண்டும். தோற்கவில்லை என்றால் அது எதையுமே சோதிக்கவில்லை. டெஸ்ட்டுகளை ஓட்டுகிற டாக்ஸ் (tox) கருவியில் பை3 (py3) சூழலை ஓட்டினால் யூனிட் டெஸ்ட்டுகள் ஓடும், பெப்8 (pep8) சூழல் கோடின் எழுத்து நடையைப் பார்க்கும்.

இங்கே மாக் (டெஸ்ட்டில் நிஜ ஃபங்ஷனுக்குப் பதிலாக வைக்கிற போலி) பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நானே இதில் ஏமாந்திருக்கிறேன். வெறும் மாக் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். நிஜ ஃபங்ஷனின் பாராமீட்டர்கள் மாறியிருந்தும் என் டெஸ்ட்டுகள் எல்லாம் பச்சையாகவே ஓடின, நிஜ சர்வரில் போட்டதும் கோடு விழுந்தது. அதனால் நிஜ ஃபங்ஷனின் பாராமீட்டர்களையே மாக்குக்கும் கொடுக்கிற ஆட்டோஸ்பெக் போட்டே மாக் செய்யுங்கள், தப்பான பாராமீட்டரோடு கூப்பிட்டால் அங்கேயே சத்தம் போடும்.

இரண்டாவது: ஃபங்ஷனல் டெஸ்ட். இமேஜைவிடச் சிறிய வால்யூம் கேட்டால் ஏபிஐ (வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை வாங்குகிற வாசல்) 400, அதாவது தவறான கோரிக்கை, என்று மறுக்கிறதா? இது ஒரு ஃபங்ஷனின் கேள்வி இல்லை, பல துண்டுகள் சேர்கிற தையலின் கேள்வி. விர்ச்சுவல் மெஷின்களைக் கவனிக்கிற பகுதியான நோவாவின் ஃபங்ஷனல் டெஸ்ட்டுகளைப் படித்துப் பாருங்கள், ஏபிஐ நிஜமாக எழும், டேட்டாபேஸ் எஸ்கியூலைட்டில் ஓடும், விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டுகிற ஹைப்பர்வைசர் மட்டும் போலி. ரிவியூவில் அதிகம் பேசப்படாத, ஆனால் எனக்கு மிகவும் பிடித்த வகை இதுதான்; லேப்டாப்பிலேயே ஓடிவிடும், மாக்குகள் மறைக்கிற பிழைகளில் பாதியை வெளியே இழுத்துவிடும்.

மூன்றாவது: டெம்பெஸ்ட். அந்த வால்யூமிலிருந்து ஒரு மெஷின் உண்மையிலேயே பூட் ஆகிறதா என்பதுதான் கேள்வி என்றால் மட்டும் இங்கே வாருங்கள். டெம்பெஸ்ட் ஓடிக்கொண்டிருக்கிற கிளவுடை வெளியிலிருந்து ஏபிஐ வழியாக, ஒரு பயனர் போலவே அணுகும். அதற்கு டெவ்ஸ்டாக் (சோதனைக்காக ஓப்பன்ஸ்டாக்கை ஏற்றித்தரும் ஸ்கிரிப்ட்டுகள்) வேண்டும். அதைச் சொந்த லேப்டாப்பில் நேரடியாகப் போடாதீர்கள், சிஸ்டம் அமைப்புகளையே மாற்றிவிடும். 8 ஜிபி ரேம் ஒதுக்கிய தனி விர்ச்சுவல் மெஷினில் போடுங்கள். முதலில் ஸ்மோக் டெஸ்ட்டுகள் (அடிப்படை வேலைகளை மட்டும் பார்ப்பவை) போதும். மெஷின் இல்லாதவர்கள் இந்தப் படியைத் தயங்காமல் விட்டுவிடலாம், பேட்சை அனுப்பினால், பேட்சுகளைத் தானாகச் சோதிக்கிற அமைப்பான ஸூல் அந்த வேலையைச் செய்துவிடும்.

கடைசியாக ஸூல். பேட்சுகளை ரிவியூ செய்கிற தளமான கெரிட்டில் பேட்ச் ஏறியதும் செக் வரிசை ஓடும், ரிவியூ முடிந்து ஒப்புதல் வந்த பிறகு கேட் வரிசையில், உங்களுக்கு முன்னால் நிற்கிற பேட்சுகளையும் சேர்த்து மறுபடி சோதித்த பிறகே மெர்ஜ் ஆகும், அதாவது மூலக் கோடில் சேரும். சிவப்பு வந்தால் (டெஸ்ட் தோற்றால்) உடனே ரீசெக், அதாவது மறுபடி ஓட்டு, என்று எழுதிவிடத் தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். லாகைத் திறந்து எந்த டெஸ்ட் விழுந்தது என்று பாருங்கள், உங்கள் கோடு காரணமா என்று யோசியுங்கள், இல்லை என்று உறுதியானால் ரீசெக் என்பதோடு காரணத்தையும் ஒரு வரியில் எழுதி அனுப்புங்கள்.