கருத்தரங்க வரவு செலவுத் திட்டம்: கையைக் கடிக்கும் தவறுகள்

கல்லூரியில் இரண்டு நாள் தேசியக் கருத்தரங்கு நடத்துவதென முடிவானதும் அழைப்பிதழும் அமர்வு நிரலும் பலமுறை திருத்தப்படுகின்றன. வரவு செலவுத் திட்டமோ, பெரும்பாலும், முந்தைய ஆண்டின் தாளில் தொகைகளைச் சற்றே உயர்த்தி எழுதுவதோடு முடிந்துவிடுகிறது. இதன் சுமை கடைசியில் ஒருங்கிணைப்பாளர் தலையில் விழுகிறது. அச்சகத்துக்கும் சமையல்காரருக்கும் உள்ள பாக்கியை ஓர் இளம் உதவிப் பேராசிரியர் தம் சம்பளத்திலிருந்து அடைக்க நேர்வது பெரும் அநியாயம். தொடக்கத்திலேயே கணக்கை முறையாகப் போட்டால் பெரும்பாலும் இதைத் தவிர்த்துவிடலாம்.

முதன்மையான தவறு, எத்தனை பேர் வந்தாலும் மாறாத செலவையும் ஆளுக்கு ஆள் கூடும் செலவையும் பிரிக்காமல் மொத்தமாக எழுதுவது. மண்டபம், ஒலிபெருக்கி, சிறப்பு விருந்தினர்களின் பயணம், தங்குமிடம் ஆகியவை 3,00,000 ரூபாய் என்றும், உணவு, தேநீர், பை, கட்டுரைத் தொகுப்பு நூல் ஆகியவை ஒருவருக்கு 1,200 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். பதிவுக் கட்டணம் 2,000 ரூபாய் என்றால், ஒவ்வொருவரிடமிருந்தும் மாறாத செலவுக்கென மிஞ்சுவது 800 ரூபாய்தான். ஆகவே, வேறு வருவாய் இல்லாதபோது, 375 பேர் முழுக் கட்டணம் செலுத்தினால்தான் கணக்கு நேராகும். ஆய்வு மாணவர்களுக்கு 1,000 ரூபாய் எனச் சலுகை அளித்தால், ஒவ்வொரு மாணவருக்கும் 200 ரூபாய் கையிலிருந்து போகிறது. பாதிப்பேர் மாணவர்களாக 400 பேர் வந்து அரங்கம் நிறைந்தாலும் 1,80,000 ரூபாய் பற்றாக்குறையே எஞ்சும். மாணவர்களுக்குச் சலுகை அவசியம் வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் அந்த இழப்பை எந்த நிதி ஈடுகட்டும் என்பதைக் கட்டணத்தை அறிவிக்கும் முன்பே எழுதிவைக்க வேண்டும்.

அடுத்தது, நல்கைக்கான, அதாவது நிதி வழங்கும் அமைப்புகள் கருத்தரங்குக்குத் தரும் உதவித்தொகைக்கான, ஒப்புதல் கடிதத்தைக் கையில் உள்ள பணமாகக் கருதுவது. பல நல்கைகளில் ஒரு பகுதி முன்னதாக வரும். மீதியோ, அறிக்கையும் தணிக்கை செய்யப்பட்ட கணக்கும், பணம் உரிய நோக்கத்துக்கே செலவானது எனக் காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழும் சென்று சேர்ந்த பின்னரே வரும். மண்டபத்துக்கும் உணவுக்கும் நிகழ்ச்சி நாளிலேயே பணம் கொடுத்தாக வேண்டும். எனவே, எவ்வளவு வரும் என்பதோடு எந்த வாரத்தில் வரும், எந்த வாரத்தில் போகும் என்பதையும் குறித்து, இடைப்பட்ட தொகையை நிறுவனம் முன்பணமாக வழங்குவதற்கு எழுத்து வடிவில் அனுமதி பெறுவது இன்றியமையாதது. நன்கொடையாளர் வாய்மொழியாகச் சொன்ன தொகையை வரவில் சேர்க்கவே கூடாது.

நல்கைக்கு விதிகளும் உண்டு. மத்திய அரசுச் செலவிலான விமானப் பயணத்துக்குப் பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐஆர்சிடிசி ஆகிய மூன்று முகவர்களிடமே பயணச்சீட்டு வாங்க வேண்டும் என 2022ஆம் ஆண்டு நிதி அமைச்சகம் அறிவுறுத்தியது. நல்கை நிபந்தனையில் அத்தகைய விதி இருக்கும்போது, விருந்தினர் தாமே வேறு வழியில் வாங்கிய சீட்டின் தொகை தணிக்கையில் நிராகரிக்கப்படலாம். அழைப்புக் கடிதத்திலேயே இதைத் தெரிவித்துவிடுவது நல்லது.

மண்டப வாடகையில் நேரும் பிழை வேறுவகை. சொல்லப்படும் வாடகையின் மீது 18% ஜிஎஸ்டி சேரும். 1,50,000 ரூபாய் வாடகைக்கு அதுவே 27,000 ரூபாய். மீட்டர்படி மின்சாரம், ஜெனரேட்டர் டீசல், துப்புரவு, எரிவாயு சிலிண்டர் ஆகியவையும் பல இடங்களில் தனிக் கணக்கு. விலைப்புள்ளி கேட்கும்போதே இவை அனைத்தையும் சேர்த்த தொகையைக் கேட்க வேண்டும். நிகழ்ச்சி ரத்தானால் முன்பணத்தில் எவ்வளவு திரும்பும் என்பதையும் எழுதி வாங்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலால் சென்னையும், அதே மாதப் பெருமழையால் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களும் முடங்கியதை நினைத்தால், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தேதி வைப்போர் இதை விட்டுவிட முடியாது.

உணவுக்கு இலைக் கணக்கில் பேசும்போது பதிவு செய்தவர்களை மட்டும் எண்ணுவதும் வழக்கமான பிழை. தொண்டர்கள், விருந்தினர்கள், ஓட்டுநர்கள், ஒலி ஒளிப் பணியாளர்கள் ஆகியோரும் சாப்பிட வேண்டும். அவர்களைப் பசியோடு நிற்கவைப்பது முறையன்று. அதே வேளையில், பதிவு செய்த அனைவரும் இரண்டாம் நாள் மதியம் வரை இருப்பதில்லை. குறைந்தபட்சம் எத்தனை இலைக்குக் கட்டாயம் பணம் கொடுக்க வேண்டும், இறுதி எண்ணிக்கையை எப்போது சொல்லலாம் என்பவற்றைச் சமையல் ஒப்பந்தக்காரரிடம் முன்பே தீர்மானித்துக்கொண்டால் இரு பக்கமும் இழப்பு குறையும்.

எதிர்பாராச் செலவுக்கென ஏறத்தாழ 10% தனியாக ஒதுக்க வேண்டும். அதை ஒவ்வொரு தலைப்பிலும் மறைத்துக் கூட்டி எழுதினால், அந்தந்தக் குழு அதைத் தன் பணமென்றே எண்ணிச் செலவழித்துவிடும். அவசரத்துக்கு எதுவும் மிஞ்சாது.

நிறைவு விழாவோடு செலவும் நின்றுவிடுவதில்லை. தொகுப்பு நூல் அச்சு, வராதவர்களுக்கு அஞ்சல், தணிக்கையாளர் கட்டணம் ஆகியவை அதன் பிறகே வருகின்றன. மீதி நல்கை வருவதற்குத் தணிக்கை முடிந்த கணக்கு வேண்டும் என்பதால், இந்தக் கடைசிச் செலவுகளுக்கான பணத்தைப் பதிவுக் கட்டணத்திலிருந்தே எடுத்துத் தனியே வைத்துவிட வேண்டும்.