வீட்டுக்குப் பக்கத்துலயே குடும்பத்தோட ஒரு அரை நாள் சுத்திட்டு வர்றது எப்படி

லீவு விட்டாலே எங்கயாவது தூரமா போகணும்னுதான் தோணும். ஆனா நம்ம வீட்லேர்ந்து அரை மணி நேரத்துல ஒரு மியூசியமோ மிருகக்காட்சி சாலையோ பழைய கோட்டையோ ஏதாவது ஒண்ணு இருக்கும், வருஷக்கணக்கா பஸ்ல அதைத் தாண்டிப் போய்ட்டு வந்துட்டு இருப்போம், உள்ள ஒரு தடவை கூட கால் வெச்சிருக்க மாட்டோம். இங்கதானே இருக்கு, எப்ப வேணா போய்க்கலாம்னு தள்ளிப்போட்டு தள்ளிப்போட்டே பசங்க வளந்துடுறாங்க.

நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். ஒரு நாளைக்கு ஒரே இடம், ரெண்டு மணி நேரம், பசங்க சிணுங்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே வெளிய வந்துடணும். நாங்க முதல் தடவை காலைல மியூசியம், மதியம் பார்க், சாயந்திரம் கோளரங்கம்னு வரிசையா போட்டோம், கோளரங்கத்துல லைட்டை அணைச்சு நட்சத்திரம் வர ஆரம்பிச்ச நேரத்துல சின்னவன் மடியில தூங்கிட்டான், பெரியவ எப்ப வீட்டுக்குப் போவோம்னு கேட்டுட்டே இருந்தா. அவ்ளோ ஆசையா கூட்டிட்டுப் போன இடத்தை ரெண்டு பேருமே பாக்கல.

கிளம்புறதுக்கு முந்தின நாளே ஒரு போன் போட்டு திறந்திருக்கான்னு கேட்டுக்கோங்க. பல நாடுகள்ல மியூசியம்னா திங்கக்கிழமை லீவு விடுறது வழக்கம், அது தெரியாம போய் பூட்டின கேட்டைப் பாத்துட்டுத் திரும்புற ஏமாற்றம் பெரியவங்களுக்கே தாங்காது. கூகுள் மேப்ஸ்ல அந்த இடத்தைத் தொட்டா எந்த மணிக்குக் கூட்டம் அதிகம்னு நிறைய இடங்களுக்குக் காட்டும், அதையும் பாருங்க. மே 18 சர்வதேச அருங்காட்சியக தினம், 1977லேர்ந்து கொண்டாடுறாங்க, அன்னிக்கு நிறைய மியூசியத்துல டிக்கெட் இல்லாம விடுறதும் பசங்களுக்குன்னு தனியா ஏதாவது நடத்துறதும் உண்டு.

மிருகக்காட்சி சாலைன்னா கேட் திறக்குறப்பவே உள்ள இருக்குற மாதிரி போங்க. வெயில் ஏறிட்டா பாதி மிருகம் நிழல்ல போய்ப் படுத்துடும். சிங்கம் ஒரு நாளைக்கு 20 மணி நேரம் வரைக்கும் கூட ஓய்வெடுக்குற மிருகம், மதியம் போய் ஏன் எந்திரிக்கவே மாட்டேங்குதுன்னு கேட்டா அது என்ன பண்ணும் பாவம். சாப்பாடு போடுற நேரம் எப்பன்னு வாசல்லயே கேட்டுட்டு அதுக்கு ஏத்த மாதிரி நடங்க. எல்லாக் கூண்டையும் பாத்தே ஆகணும்னு ஓடாதீங்க. எங்க பையன் ஒரு தடவை ஆமை ஒரு இலையைத் தின்னு முடிக்கிற வரைக்கும் கம்பியைப் பிடிச்சுட்டு நின்னான், அது கழுத்தை நீட்டி ஒரு கடி கடிக்கும், இலையில அரைவட்டமா ஒரு துண்டு காணாம போகும், அப்புறம் அப்படியே நிக்கும், திரும்ப ஒரு கடி. யானை இருக்கு வாடான்னு கூப்பிட வாய் வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். இன்னிக்கு வரைக்கும் அவன் பேசுறது அந்த ஆமையைப் பத்திதான்.

மியூசியத்துக்கு வேற மாதிரி தயாராகணும். அங்க நடக்குற தூரம் கம்மிதான், ஆனா சீக்கிரம் அசந்து போயிடுவோம். 1916லயே பாஸ்டன் மியூசியத்துல வேலை பாத்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன்ங்கிறவர் இதைப் பத்தி எழுதியிருக்கார், ஒருத்தரைப் பொருள்களைப் பாக்கச் சொல்லி அவர் எப்படியெல்லாம் குனிஞ்சு வளைஞ்சு எட்டிப் பாக்க வேண்டியிருக்குன்னு போட்டோ எடுத்தே காட்டினார். பெரியவங்களுக்கே இப்படின்னா மூணடி உயரக் குழந்தைக்கு எப்படி இருக்கும்? ஒரு தடவை பொண்ணு பக்கத்துல முட்டி போட்டு அதே கண்ணாடிப் பெட்டியைப் பாத்தேன், எனக்கு உள்ள இருந்த காசு தெரிஞ்ச இடத்துல அவளுக்கு மேல இருந்த ட்யூப் லைட்டோட வெளிச்சம் மட்டும்தான் தெரிஞ்சுது. அதனால நீங்களும் குனிஞ்சு பாருங்க, தெரியலைன்னா தூக்கிக் காட்டுங்க, ரெண்டு ரூம் பாத்தா போதும், மிச்சத்தை அடுத்த தடவை பாத்துக்கலாம். பக்கத்துல இருக்குற இடத்தோட சௌகரியமே அதுதானே.

தாத்தா பாட்டி வர்றாங்கன்னா உக்கார பெஞ்ச் எங்க இருக்கு, பாத்ரூம் எவ்ளோ தூரம், படிக்கட்டு எத்தனைன்னு முன்னாடியே விசாரிச்சுடுங்க. வீல்சேர் கிடைக்குமான்னு கேக்க வெக்கப்பட வேண்டாம், நிறைய இடத்துல வாசல்லயே வெச்சிருப்பாங்க. பையில தண்ணி, தொப்பி, ஒரு மாத்து டிரஸ், கொஞ்சம் நொறுக்குத்தீனி போதும், அதுக்கு மேல தூக்குனா தோள்தான் வலிக்கும்.

இதை மட்டும் தயவுசெஞ்சு விடாதீங்க. வீட்டை விட்டுக் கிளம்புறப்ப பசங்களை நிக்க வெச்சு போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கோங்க, கூட்டத்துல தொலைஞ்சா என்ன கலர் சட்டைன்னு பதட்டத்துல நமக்கு ஞாபகமே வராது. சின்னப் பசங்க கையில போன் நம்பரை பேனாவால எழுதிடுங்க. உள்ள போனதும் ஒரு பெரிய மரமோ சிலையோ காட்டி, நம்மளைக் காணோம்னா இங்க வந்து நிக்கணும், வேற எங்கயும் நகரக் கூடாதுன்னு சொல்லி, அவங்க வாயாலயே ஒரு தடவை திருப்பிச் சொல்ல வைங்க.