புனிதர் பெயர் வரும் கிரேக்கக் கல்லறைக் கல்வெட்டுகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆதித் திருச்சபையின் புனிதர் வணக்கத்தைக் கல்வெட்டுகளில் தேடத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் அதே சில இடங்களில்தான் சறுக்குகிறார்கள். எழுத்தைத் தவறாகப் படிப்பதெல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். கீழே இருப்பவை பழகினாலும் போகாதவை.

சரிதத்தை வைத்துக் கல்லைப் படிப்பது

இருப்பதிலேயே அதிக சேதம் விளைவிப்பது இதுதான். பிற்காலத்தில் புனிதராகப் போற்றப்பட்ட அபெர்கியுஸின் கல்லறைக் கல்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய துருக்கியில் உள்ள பிரிகியாவில் 1883இல் தொல்லியலாளர் ராம்சே கண்டெடுத்தது. இப்போது வத்திக்கானில் இருக்கிறது. கல்லில் மிஞ்சியவை நடுப்பகுதி வரிகளின் துண்டுகள் மட்டுமே. அச்சில் நாம் காணும் 22 வரிகளில் மற்றவை, பிற்காலத்தில் எழுதப்பட்ட அபெர்கியுஸ் சரிதத்தின் கைப்பிரதிகளைக் கொண்டு நிரப்பியவை. முதல் வரிகளுக்கும் கடைசி வரிகளுக்கும், அவற்றையே எடுத்தாண்ட அலெக்சாந்தர் என்பவரின் கல்லறைக் கல் (கி.பி. 216) துணை நிற்கிறது.

தனக்கு 72 வயதானபோது, பக்கத்தில் நின்று எழுதச் சொன்னதாக அபெர்கியுஸ் கூறுகிறார். ரோமுக்குப் போனாராம், பொன்னாடையும் பொற்காலணியும் அணிந்த அரசியைக் கண்டாராம். தன் கல்லறையில் வேறொருவரைப் புதைத்தால் ரோமக் கருவூலத்துக்கு 2,000 பொற்காசு, சொந்த ஊருக்கு 1,000 அபராதம். இந்த அபராத வாசகம் அந்தப் பகுதியின் சாதாரண வழக்கம். வணக்கமோ மறைசாட்சியமோ எங்கும் இல்லை.

சரிதம் அந்த அரசியை மார்க்கஸ் அவுரேலியஸின் மனைவி ஃபவுஸ்தினா ஆக்குகிறது; மகள் லூசில்லாவைப் பிடித்த பேயை அபெர்கியுஸ் ஓட்டுகிறார். கல் பலிபீட வடிவில் இருக்கிறதல்லவா? அதை ரோமிலிருந்து சுமந்து வந்ததும் அதே பேய்தானாம்! கல்லைப் பார்த்துக் கட்டிய கதை இது. அந்தக் கதையைக் கொண்டே கல்லுக்குப் பொருள் சொன்னால், 216க்கு முந்தைய ஒரு மனிதரின் கல், பிற்காலப் புனிதர் வணக்கத்துக்குச் சான்றாக மாறிவிடும்.

பதிப்பில் சதுர அடைப்பு என்றால் கல்லில் அது இல்லை, பதிப்பாசிரியர் நிரப்பியது. வளை அடைப்பு, சுருக்கத்தை விரித்தது. எழுத்தின் கீழே புள்ளி இருந்தால் படிப்பு ஐயத்துக்குரியது. முதலில் சதுர அடைப்புக்கு வெளியே உள்ளதை மட்டும் தனித்தாளில் எழுதுங்கள். ரோம் வரியில் கல் 'பசில்' என்பதோடு உடைகிறது. அது அரசனா அரசாட்சியா என்பது நிரப்புபவரைப் பொறுத்தது. மொழிபெயர்ப்புகளோ இந்தக் குறிகளையெல்லாம் துடைத்துவிட்டுத் தடையில்லாத வாக்கியமாகத் தந்துவிடுகின்றன. எரிச்சலே அதில்தான்.

புனிதர் பெயர் இருந்தால் அவர் கல்லறை என்பது

பெயர் எந்த இலக்கண வேற்றுமையில் வருகிறது என்று பாருங்கள். எழுவாயாக வந்து 'இங்கே கிடக்கிறார்' என்று முடிந்தால் அவர்தான் இறந்தவர். ஆறாம் வேற்றுமை பெரும்பாலும் கோயிலைக் குறிக்கும்: எராப்போலியில் எவுகேனியுஸ் என்ற தலைமைத் திருத்தொண்டர், திருத்தூதர் பிலிப்புவின் கோயிலுக்குப் பொறுப்பாளர் என்றே தன்னைச் சொல்கிறார். விளி வந்தால் அது மன்றாட்டு. 'புனித கொத்ராத்தே, உம் அடியானை நினைவுகூரும்' என்கிறது கொரிந்துக் கல்.

பக்கத்திலேயே கல்லறை கிடைத்தாலும் அவசரம் வேண்டாம். பிலிப்பியில் ஆயர் போர்ஃபிரியுஸின் தரைச்சித்திரம் பவுலின் பேராலயத்தைக் குறிப்பிடுகிறது. அதை ஒட்டியுள்ள கல்லறையோ பவுலுக்கு மிக முந்தைய எவுயெஃபெனஸுடையது.

இரண்டு ஊர்களைக் குழப்புவது

பிலிப்புவின் எராப்போலி இன்றைய பாமுக்கலே. அபெர்கியுஸின் ஹியரோப்போலிஸ் வேறு.

சிலுவை

சிலுவையைக் கண்டதும் கல் கிறிஸ்தவருடையது என்று முடிவுகட்டாதீர்கள்; பழைய கல்லில் பிறகு வெட்டியதாகவும் இருக்கலாம்.

'அவனுக்குக் கடவுளோடு கணக்கு'

கல்லறையில் கைவைப்பவரை எச்சரிக்கும் இந்த வாசகம் மட்டுமே கிறிஸ்தவருக்கு அடையாளம் ஆகாது; யூதர்களும் எழுதினார்கள்.

ஆண்டு எண்ணை அப்படியே மாற்றுவது

எந்த ஊழி, அதாவது எந்த ஆண்டிலிருந்து எண்ணும் கணக்கு, என்று தெரியாமல் கழிக்கக் கூடாது. அலெக்சாந்தர் கல்லின் ஆண்டு 300. சுல்லா ஊழியில் அது கி.பி. 215/216, ஆக்டியம் ஊழியாகக் கொண்டால் 54 ஆண்டு தள்ளிப்போகும். ரோமின் அரேபிய மாநில ஊழி கி.பி. 106 மார்ச் 22இல் தொடங்குகிறது; ஆகவே அதன் 410ஆம் ஆண்டு 515 மார்ச்சிலிருந்து 516 மார்ச் வரை. இண்டிக்‌ஷன் எண் தனியாக வந்தால் ஆண்டு கிடைக்காது, அது 15 ஆண்டுச் சுழற்சி. ஊழி ஆண்டோடு சேர்ந்து வந்தால்தான் பயன்: செப்டம்பர் 1இல் மாறுவதால், 410இல் எண் 8 என்றால் ஆகஸ்டு முடிவதற்குள், 9 என்றால் அதற்குப் பிறகு.