இணைய மென்பொருள் நிறுவியபின் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கும் கணினி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

யுஎஸ்பியில் செருகி இணையம் பெறும் டாங்கிள் மோடத்துக்கான மென்பொருளையோ, இணையப் போக்குவரத்தை மறைகுறியாக்கி வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் வி.பி.என். செயலியையோ நிறுவி முடிக்கிறீர்கள். கணினி திடீரென்று அணைந்து மீண்டும் எழுகிறது. விண்டோஸ் வந்து சில நிமிடங்களில் மறுபடியும் அதே கதை. இந்த நிலையில் பலர் அதே மென்பொருளை இன்னொரு முறை நிறுவிப் பார்க்கிறார்கள். அதுவும் பலிக்காவிட்டால் விண்டோஸையே அழித்துப் புதிதாகப் போடுகிறார்கள். இரண்டுமே அவசரம். எதனால் விழுந்தது என்பதைப் பெரும்பாலும் கணினியே எழுதிக் காட்டுகிறது. அதைப் படிக்காமல் கைவைப்பதுதான் முதல் தவறு.

படிக்க முடியாமல் போவதற்கும் காரணம் உண்டு. விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்தே, கடுமையான பிழை நேர்ந்தால் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படிதான் அமைப்பு வைக்கப்பட்டிருக்கிறது. பிழையின் பெயரைக் காட்டும் நீலத்திரை மின்னி மறைவதற்குள் எதையும் பார்க்க முடியாது. கண்ட்ரோல் பேனலில் சிஸ்டம், அட்வான்ஸ்டு, ‘ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி’ என்று சென்று, ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ என்ற இடத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை நீலத்திரை அப்படியே நிற்கும்; கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம்.

அதில் ‘டிரைவர் ஐஆர்கியூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்’ என்றும், கீழே ‘என்டிஐஎஸ்.சிஸ்’ அல்லது ‘டிசிபிஐபி.சிஸ்’ என்றும் இருந்தால், பிழை நெட்வொர்க் பகுதியில் நடந்திருக்கிறது என்று பொருள். இங்கேதான் அடுத்த தவறு நடக்கிறது. பெயர் வந்துவிட்டதே என்று அந்தக் கோப்பை அழிக்கப் போகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அவை விண்டோஸின் சொந்தக் கோப்புகள். அவற்றோடு வந்து ஒட்டிக்கொண்ட வெளி டிரைவர்தான் (ஒரு கருவியையோ மென்பொருளையோ விண்டோஸோடு இணைக்கும் நிரல்) பெரும்பாலும் குற்றவாளி. வி.பி.என்., ஃபயர்வால், ஆன்டிவைரஸ், மோடம் மென்பொருள் எல்லாமே இணையப் போக்குவரத்தை இடைமறிக்க விண்டோஸின் அடித்தளத்தில், அதாவது கெர்னலில், தங்கள் டிரைவரை நுழைக்கின்றன. சாதாரண செயலி தவறினால் அதன் ஜன்னல் மட்டும் மூடும். கெர்னலில் ஒரு டிரைவர் தவறினால் கணினி முழுவதும் விழும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு பிழையான புதுப்பிப்பு சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை வீழ்த்தியது இப்படித்தான். இரண்டு ஆன்டிவைரஸ்களை ஒரே கணினியில் வைத்திருப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவண்ட் வியூவரில் ‘கெர்னல்-பவர் 41’ என்று வருவதைக் கண்டு, பவர் சப்ளை கெட்டுவிட்டது என்று முடிவு செய்பவர்களும் உண்டு. முறையாக ஷட்டவுன் ஆகாமல் கணினி நின்றது என்பதை மட்டுமே 41 சொல்கிறது; காரணத்தை அல்ல. அதன் விவரங்களில் ‘பக்செக்கோட்’ எனும் பிழை எண் பூஜ்யமாக இருந்து, நீலத்திரையும் வராமல், மோடத்தைச் செருகிய நொடியில் மட்டும் கணினி அணைந்தால் அப்போது மின்சாரத்தையும் யுஎஸ்பி போர்ட்டையும் சந்தேகிக்கலாம்.

கணினி நிலையாக நிற்கவே இல்லையென்றால், அத்தியாவசிய டிரைவர்களோடு மட்டும் விண்டோஸைத் தொடங்கும் சேஃப் மோடுதான் வழி. விண்டோஸ் 8 முதல் எஃப்8 விசை இயல்பாக வேலை செய்வதில்லை. ஷிஃப்ட் விசையை அழுத்தியபடியே ரீஸ்டார்ட்டைச் சொடுக்கி, டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு, ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியாகச் செல்லுங்கள். அங்கே 4 என்ற எண் வெறும் சேஃப் மோடு, 5 என்ற எண் ‘நெட்வொர்க்கிங்குடன்’. தகவல் தேட வசதியாக இருக்கும் என்று பலர் அதையே தேர்ந்தெடுக்கிறார்கள். சிக்கலே நெட்வொர்க்கில் இருக்கும்போது அது வேண்டாம், 4 போதும். இந்தத் திரைகளுக்குள் நுழையும்போது வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் வசதியின் மீட்புக் குறியீட்டைக் கணினி கேட்கக்கூடும். அதை முன்பே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

மென்பொருளை நீக்குவதிலும் கவனம் தேவை. சேஃப் மோடில் விண்டோஸ் இன்ஸ்டாலர் சேவை இயல்பாக ஓடாது. அதனால் சில மென்பொருட்கள் நீங்க மறுக்கும். அப்படியானால் சிஸ்டம் ரீஸ்டோர் மூலம், நிறுவுவதற்கு முந்தைய நிலைக்குத் திரும்பலாம். உங்கள் படங்களும் ஆவணங்களும் போகாது. அப்படித் திரும்புவதற்கான சேமித்த நிலை, அதாவது ரீஸ்டோர் பாயின்ட், இல்லையென்றால் டிவைஸ் மேனேஜரில் வியூ பட்டியலில் ‘ஷோ ஹிட்டன் டிவைசஸ்’ கொடுத்து, நெட்வொர்க் அடாப்டர்களில் அந்த மென்பொருள் சேர்த்த அடாப்டரை நீக்குங்கள். டிரைவரையும் சேர்த்து அழிக்கும் தெரிவைக் குறிக்க மறக்காதீர்கள். கண்ட்ரோல் பேனலில் பெயர் மறைந்துவிட்டதாலேயே டிரைவரும் போய்விட்டது என்று நம்பிவிடக் கூடாது.

மீண்டும் நிறுவும்போது, டாங்கிளுக்குள்ளேயே இருக்கும் மென்பொருளைச் சொடுக்காதீர்கள். செருகியதும் சிடி டிரைவ் போலத் தோன்றுமே, அதில் இருப்பது அந்தக் கருவி தயாரான காலத்து டிரைவர். உங்கள் விண்டோஸ் அதற்குப் பிந்தையதாக இருக்கலாம். தயாரிப்பாளரின் தளத்திலிருந்து உங்கள் விண்டோஸ் பதிப்புக்கு உரியதை எடுங்கள். முதலில் ஒரு ரீஸ்டோர் பாயின்ட் உருவாக்கிவிட்டு, அதன் பிறகு நிறுவுங்கள்.