கருவாட்டுத் துண்டில் உழுவையைக் கண்டுபிடித்த விதம்

எங்கள் ஆய்வகத்துக்கு வந்தது தலையும் துடுப்பும் இல்லாத உப்புக் கருவாடு. திருக்கை வகை மீனான உழுவை என்று சந்தேகம். டிஎன்ஏ பார்ப்பதைத் தவிர வழியில்லை.

டிஎன்ஏவைப் பல படிகள் எடுக்கும் பிசிஆரை ஓட்டினால், ஜெல்லில் பட்டையே இல்லை; அதாவது டிஎன்ஏ பெருகவில்லை. சுறா, திருக்கை, உழுவை எல்லாவற்றின் சதையிலும் யூரியா அதிகம். அது பிசிஆர் நொதியை முடக்கும். கூடவே உப்பு வேறு. சதையைக் கடுகளவாக நறுக்கி, காய்ச்சி வடித்த நீரில் இரவு முழுக்க ஊறவைத்து, இடையிடையே நீரை மாற்றினேன். எடுத்த டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்ததும் மங்கலாக ஒரு பட்டை. டிஎன்ஏவின் எழுத்து வரிசையைப் படிக்கும் சீக்வென்சிங்குக்கு அது போதாது. காய்ந்த சதையில் டிஎன்ஏ நொறுங்கிக் கிடக்கும். இனத்தை அடையாளம் காணப் பார்க்கும் சிஓஐ மரபணுவின் வழக்கமான 650 எழுத்து நீளம் முழுசாக எப்படி வரும்? ஒன்றன்மேல் ஒன்று படியும் சிறு பகுதிகளுக்கான பிரைமர்களை (படியெடுப்பு எங்கே தொடங்க வேண்டும் என்று காட்டும் குட்டி டிஎன்ஏ துண்டுகளை) போட்டு, வந்த வரிசைகளை ஒட்டினேன். சரி, வேலை முடிந்தது என்று நினைத்தால், தலைவலியே அப்புறம்தான்.

ஜென்பேங்க் என்ற டிஎன்ஏ வரிசைத் தரவுத்தளத்தில் தேடினால், ஒரே அளவு பொருத்தத்தோடு இரண்டு உழுவை இனங்களின் பெயர்கள் வந்தன: ரிங்கோபேட்டஸ் ஜிடென்சிஸ், ரிங்கோபேட்டஸ் ஆஸ்திரேலியே. முன்னது மேற்கு இந்தியப் பெருங்கடலைச் சேர்ந்தது. நம் பக்கத்து உழுவைகளுக்கெல்லாம் பழைய பதிவுகளில் அந்தப் பெயரையே ஒட்டியிருக்கிறார்கள். அதனால் தேடல் முடிவின் முதல் வரியில் வரும் பெயரை நான் நம்புவதில்லை. மீனின் படமும் பாதுகாத்து வைத்த மாதிரியும் உள்ள பதிவுகளை மட்டும் வைத்து, எது எதற்கு நெருங்கிய உறவு என்று காட்டும் மரபுவழி மரம் வரைந்தேன். எங்கள் துண்டு ஆஸ்திரேலியே கிளையில் போய் உட்கார்ந்தது. அறிக்கையில் அந்தப் பெயரோடு, ஒப்பிட்ட பதிவுகளின் எண்களையும் சேர்த்துக் கொடுத்தேன்.