சிண்டரெல்லா கவுன்: மேடையிலேயே மாற்ற நான் செய்தது

ராட்ஜர்ஸ், ஹாமர்ஸ்டைன் இருவரின் 'சிண்டரெல்லா' 1957இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் நேரலையாக வந்த இசை நாடகம். 2013இல் நியூயார்க்கின் நாடக அரங்கப் பகுதியான பிராட்வேயில் போட்டபோது கந்தல் உடை பார்வையாளர் கண்ணெதிரிலேயே கவுனாக மாறியது. இந்த நாடகத்தைப் போடும் எங்கள் குழுப் பிள்ளைகளுக்கும் அதே வித்தைதான் வேண்டுமாம். பட்ஜெட்டைப் பற்றி அவர்களுக்கென்ன கவலை!

கவுனுக்கு மேல் கந்தலைப் போட்டு, முதுகில் வெல்க்ரோ வைத்திருந்தார்கள். ஒத்திகையில் இழுத்ததும் 'சர்ர்ர்' என்ற சத்தம் மைக்கில் ஏறி அரங்கம் முழுக்கக் கேட்டது. வெல்க்ரோவைப் பிரித்துவிட்டு பிரஸ் பட்டன் தைத்தேன். நெருக்கித் தைத்தால் இழுக்க வராது. ரொம்பத் தள்ளித் தைத்தால் ஆடும்போதே திறந்துகொள்ளும். நாலு விரல் இடைவெளி சரியாக இருந்தது.

அடுத்த தொல்லை, இடுப்பிலிருந்த மைக் பெட்டி கந்தலோடு சேர்ந்து வந்தது. அதைக் கவுனுக்கு உள்ளே எலாஸ்டிக் பெல்ட்டில் செருகி, ஒயரை முதுகு வழியாக ஏற்றி, கழுத்துக்குப் பின்னால் டேப் ஒட்டினேன்.

இழுக்கும் நேரத்தை வாயால் எண்ணவிடவில்லை. பியானோவில் எட்டாம் தட்டு விழும்போது தேவதை போர்வையை விரிப்பாள், சிண்டரெல்லா சுழல்வாள், பின்னாலிருக்கும் எலிகள் இழுப்பார்கள். கந்தலை எங்கே ஒளிப்பது என்று யோசிப்பதற்குள், எலி வேடப் பையன் ஒருவன் அதைச் சுருட்டிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு தொப்பை எலியாக நடந்து போனான். கைத்தட்டல் அள்ளியது. அதை அப்படியே வைத்துக்கொண்டோம்.