பில் படிக்கும் ஏஐ: வாங்கும் முன் சோதிப்பது எப்படி

கொள்முதல் பில்லை ஏஐ தானே படித்துக் கணக்கில் ஏற்றிவிடும் என்பார்கள். தட்டச்சு வேலை குறையும், உண்மைதான். பில் நேரத்துக்கு வந்து சேராத கணக்குப் பிரிவின் பழைய தலைவலி தீருமா என்பது வேறு கேள்வி.

ஏற்கெனவே டாலி கணக்கு மென்பொருளில் சரிபார்த்துப் பதிந்த 100 பில்களைக் கருவிக்குக் கொடுத்து, பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பளிச்சென்ற பிடிஎஃப் மட்டும் போதாது. கார்பன் நகல், மங்கிய தெர்மல் தாள், பில் எண் மேலேயே சீல் குத்தியது எல்லாம் கலந்திருக்கட்டும். விற்பனையாளர் காட்டும் டெமோவில் இவை வராது.

அதிகம் சறுக்குவது ஜிஎஸ்டி எண்ணில். 15 இடங்களில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு (தமிழ்நாடு 33), அடுத்த பத்து பான் எண். 8 முதல் 11 வரையிலான இடங்களில் இலக்கம்தான் வரும். அங்கே ‘ஓ’ எழுத்து இருந்தால் பூஜ்யத்தைத் தப்பாகப் படித்திருக்கிறது. கடைசி இடம் சரிபார்ப்புக் குறி, அதைக் கணக்கிட்டுப் பார்க்கும் வசதி கருவியில் இருக்கிறதா என்று கேளுங்கள். 03/04 என்ற தேதியை மார்ச் 4 ஆக்கிவிடுவதும் உண்டு. வாட்ஸ்அப்பில் ஒரு தரம், தாளில் ஒரு தரம் வந்த பில் இருமுறை ஏறாமலிருக்க ஜிஎஸ்டி எண், பில் எண், நிதியாண்டு மூன்றும் ஒத்திருந்தால் மறுபடி ஏற்காதபடி பூட்டுங்கள்.

14-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி (சப்ளையர்கள் தாக்கல் செய்த பில்களின் மாதாந்திர ஜிஎஸ்டி பட்டியல்) வந்த பிறகும் பில் ஸ்டோர் மேசையிலேயே கிடந்தால் எந்தக் கருவியாலும் படிக்க முடியாது. சரக்கு இறங்கும்போதே கேட்டில் போட்டோ எடுக்க ஓர் ஆளை முதலில் நியமியுங்கள்.